விஎஃப்எக்ஸ், அனிமேஷன் வேலைக்கு ஸ்க்ரிப்டிங் கத்துக்கிறது எப்படி: உங்க சொந்த வேலைல இருந்தே ஆரம்பிங்க

கோடிங் கத்துக்கணும்னு முடிவு பண்ற ஆர்டிஸ்ட் பெரும்பாலும் முதல்ல செய்யறது ஒரு பெரிய பைத்தான் கோர்ஸ்ல சேர்றதுதான். லிஸ்ட், டிக்‌ஷனரி, லூப் வரைக்கும் ஜோரா போகும், அப்புறம் பேங்க் அக்கவுண்ட்டுக்கு க்ளாஸ் எழுது, பகா எண் கண்டுபிடினு எக்ஸர்சைஸ் வரும், இதுக்கும் நான் பண்ற ரிக்குக்கும் (கேரக்டரை அசைக்கிற எலும்புக்கூடு, கண்ட்ரோல் அமைப்பு) என்னங்க சம்பந்தம்னு தோணும், அந்த நேரம் பார்த்து ஷாட் டெலிவரி கழுத்தை நெரிக்கும், கோர்ஸ் அப்படியே நின்னுடும். இப்படி விட்டவங்க நிறைய பேர் "எனக்கு கோடிங் வராது"னு முடிவே பண்ணிடறாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா நம்ம துறைல இருக்கறவங்களுக்கு மத்தவங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கு. நீங்க தினமும் திறக்கிற சாஃப்ட்வேருக்குள்ளயே பைத்தான் உக்காந்திருக்கு, ஒரு வரி எழுதி ரன் பண்ணினா வ்யூபோர்ட்ல, அதாவது சீன் தெரியற ஜன்னல்ல, ஏதாவது ஒண்ணு உடனே நகரும். இந்த வசதிய விட்டுட்டு எங்கயோ போய் கத்துக்க வேண்டாம்.

அதனால முதல் வேலை, ஒரு குறிப்பு ஃபைல் திறந்து வெச்சுக்கோங்க. ஒரே காரியத்தை மூணாவது தடவை கையால பண்றப்போ அதை அதுல எழுதுங்க. ஐம்பது ஆப்ஜெக்ட்டுக்கு பேர் மாத்தினது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராவ இம்போர்ட் பண்ணி ரெசல்யூஷன், ஃப்ரேம் ரேஞ்ச் செட் பண்ணினது, படத்தை ஃபைலா எழுதற ரைட் நோடுல பாத் மாத்தினது, டெக்ஸ்சர் எது காணோம்னு ஒவ்வொண்ணா தேடினது, ப்ளேபிளாஸ்ட்டுக்கு (வேகமா எடுக்கிற ப்ரிவ்யூ வீடியோ) வெர்ஷன் நம்பர் போட்டது, இந்த மாதிரி. ஒரு வாரத்துல அந்த ஃபைல் நிறைஞ்சிடும், அதுதான் உங்க சிலபஸ். அதுல ரொம்ப சின்னதா, ரொம்ப எரிச்சலா இருக்கிற ஒண்ணை முதல்ல எடுங்க. பெரிய ஆட்டோ ரிக் எழுதறேன்னு ஆரம்பிக்காதீங்க, அது முடியாது, முடியாததால நீங்களும் நின்னுடுவீங்க.

எந்த லாங்குவேஜ், எந்த சாஃப்ட்வேர்

பைத்தான். இதுல பெரிய விவாதத்துக்கு இடமே இல்ல. 3டி சாஃப்ட்வேரான மாயா, ஹூடினி, பிளெண்டர், ஷாட்டோட லேயர் எல்லாம் சேர்க்கிற காம்பாசிட்டிங் (சுருக்கமா காம்ப்) சாஃப்ட்வேரான நியூக், அன்ரியல் எடிட்டர், ரெண்டர் பண்ற கம்ப்யூட்டர் கூட்டத்தை பார்த்துக்கிற ரெண்டர் ஃபார்ம் மேனேஜர், ஷாட் ட்ராக்கிங் சிஸ்டம், எல்லாத்துலயும் அது இருக்கு. மாயால முன்னாடி மெல்னு அதோட சொந்த லாங்குவேஜ் மட்டும்தான் இருந்துச்சு, 2007ல வந்த 8.5 வெர்ஷன்லதான் பைத்தான் உள்ள வந்துச்சு, அதுக்கப்புறம் புதுசா எழுதறவங்க பெரும்பாலும் பைத்தான் பக்கம் வந்துட்டாங்க. மெல் தெரியாம பழைய டூலை எல்லாம் படிக்க முடியாதுங்கிறதும் உண்மைதான், ஆனா அது படிக்கிற அளவுக்கு தெரிஞ்சா போதும், எழுதற அளவுக்கு வேண்டாம்.

விதிவிலக்கு ரெண்டு இருக்கு. மோஷன் கிராஃபிக்ஸ் பக்கம், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்லயே முழு நேரமும் இருக்கீங்கன்னா உங்களுக்கு ஜாவாஸ்க்ரிப்ட்தான், எக்ஸ்ப்ரஷனும் அதுதான், ஸ்க்ரிப்ட்டும் அதோட பழைய வடிவம்தான். விகிள் போட்டு அடைப்புக்குள்ள 2, 30னு கொடுத்தா செகண்டுக்கு 2 தடவை, 30 அளவுக்கு ஆடும், நீங்க ஏற்கனவே எழுதியிருப்பீங்க, அதுவும் கோடிங்தான். இன்னொண்ணு ஹூடினில எஃப்எக்ஸ் பண்றவங்க, உங்களுக்கு பைத்தானை விட ஹூடினியோட சொந்த லாங்குவேஜான வெக்ஸ் முதல்ல வேணும், ஏன்னா லட்சக்கணக்கான பாயிண்ட்டை ஒவ்வொண்ணா பைத்தான்ல லூப் பண்ணினா ஊர்ந்து போகும், வெக்ஸ்ல அதே வேலைய எல்லா கோர்லயும் பிரிச்சு போட்டு பறக்கவிடும். சி பிளஸ் பிளஸ் இப்போ வேண்டாம். பைத்தான்ல ஒரு டூல் எழுதி, அது நிஜமாவே மெதுவா இருக்குனு அளந்து பார்த்த அன்னைக்கு அதைப்பத்தி யோசிங்க.

ஒரு சாஃப்ட்வேரை மட்டும் எடுத்துக்கோங்க. ஏற்கனவே நல்லா தெரிஞ்ச சாஃப்ட்வேரா இருக்கணும், புது சாஃப்ட்வேரும் புது லாங்குவேஜும் ஒரே நேரத்துல கத்துக்கிட்டா எர்ரர் வந்தா எதுல தப்புனே தெரியாது. லைசென்ஸ் கைல இல்லைனா பிளெண்டர் முழுசா இலவசம், ஹூடினிக்கு அப்ரெண்டிஸ் இருக்கு, நியூக்குக்கு நான் கமர்ஷியல் வெர்ஷன் இருக்கு, இந்த ரெண்டுலயும் சில கட்டுப்பாடு உண்டு, கத்துக்கிறதுக்கு அது தடை இல்ல.

வெர்ஷன் விஷயம் ஒண்ணு மட்டும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க. பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஓட ஆதரவு முடிஞ்சுடுச்சு, ஆனா நெட்ல கிடைக்கிற மாயா, நியூக் டுடோரியல்ல நிறைய அந்த காலத்துல எழுதினதுதான். பிரிண்ட்டுக்கு பக்கத்துல அடைப்புக்குறி இல்லாம எழுதியிருந்தா அது பழசுனு உடனே கண்டுபிடிச்சுடலாம். எந்த வருஷம் எந்த பைத்தான், எந்த க்யூட்டினு (விண்டோ, பட்டன் கட்டற லைப்ரரி) எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி வெச்சுக்கிறதுக்காக விஎஃப்எக்ஸ் ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல 2020ல பைத்தான் 3க்கு மாறினாங்க, 2024க்கு 3.11. உங்க மெஷின்ல தனியா இன்ஸ்டால் பண்ணி வெச்சிருக்கிற பைத்தான் வேற, சாஃப்ட்வேர் உள்ள இருக்கிற பைத்தான் வேற, ரெண்டுக்கும் வெர்ஷன் ஒத்துப்போகணும்னு இல்ல, ஒண்ணுல இன்ஸ்டால் பண்ணின லைப்ரரி இன்னொண்ணுக்கு தெரியவும் தெரியாது. புதுசா வர்றவங்க அரை நாள் தலைய பிச்சுக்கிற இடம் இது.

சாஃப்ட்வேரையே வாத்தியாரா வெச்சுக்கோங்க

இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் முதல்ல சொல்லுவேன். மாயால ஸ்க்ரிப்ட் எடிட்டரை திறந்து வெச்சுட்டு ஒரு ஸ்ஃபியர் போடுங்க. மேல் பாதில ஒரு வரி வரும், பாலிஸ்ஃபியர், ரேடியஸ் 1, சப்டிவிஷன் 20, 20னு. நீங்க மவுஸ்ல பண்ணினது என்ன கமாண்டா ஓடுச்சுங்கிறது அப்படியே கண் முன்னாடி இருக்கு. மெல்லுல வர்ற அந்த வரில முன்னாடி சின்ன கோடு (-) போட்டு வர்ற ஒவ்வொரு ஃப்ளாகும் (கமாண்டோட ஆப்ஷன்) பைத்தான்ல அடைப்புக்குள்ள பேர், சமக்குறி, மதிப்புனு மாறும், அவ்வளவுதான் மொழிபெயர்ப்பு. சில மெனுவை அழுத்தினா எதுவுமே வராது, அப்போ ஹிஸ்டரி மெனுல எக்கோ ஆல் கமாண்ட்ஸை ஆன் பண்ணுங்க, தேவையில்லாத வரியும் சேர்ந்து கொட்டும், ஆனா தேடினது அதுக்குள்ள இருக்கும்.

பிளெண்டர்ல இதே வேலைய இன்ஃபோ எடிட்டர் பண்ணுது. ப்ரிஃபரன்ஸ்ல பைத்தான் டூல்டிப்ஸ், டெவலப்பர் எக்ஸ்ட்ராஸ் ரெண்டையும் ஆன் பண்ணிட்டா எந்த பட்டன் மேல மவுஸ் வெச்சாலும் அதோட பைத்தான் பேர் தெரியும், எந்த ப்ராப்பர்ட்டி மேலயும் ரைட் க்ளிக் பண்ணி முழு டேட்டா பாத்தை காப்பி எடுக்கலாம். நியூக்ல ஒரு நாப் (நோடுல மதிப்பு மாத்தற கண்ட்ரோல்) மேல மவுஸை வெச்சா அதோட உள் பேர் வரும், நோடை காப்பி பண்ணி ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்ல பேஸ்ட் பண்ணினா அந்த நோடே எழுத்தா வந்து விழும், நியூக் ஸ்க்ரிப்ட் ஃபைலே வெறும் எழுத்துதாங்கிறது அப்போதான் உறைக்கும். ஹூடினில இன்னும் அழகு, பைத்தான் ஷெல்லை திறந்து வெச்சுட்டு நெட்வொர்க்ல இருந்து ஒரு நோடை இழுத்து அதுல போடுங்க, அந்த நோடை கூப்பிடற கோடை அதுவே எழுதிக் கொடுக்கும்.

முதல் பத்து நாள் இதை மட்டும் பண்ணினாலே போதும். மவுஸால பண்ணு, என்ன வரி வருதுனு பாரு, அந்த வரிய கீழ ஒட்டி எண்ணை மாத்தி ரன் பண்ணு, என்ன ஆச்சுனு பாரு. லூப், இஃப், ஃபங்ஷன் எல்லாம் தேவைப்படற அன்னைக்கு எடுத்து படிச்சா அரை மணில புரிஞ்சுடும், ஏன்னா எதுக்குனு உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

முதல் டூல்: பேர் மாத்தறது

எல்லாரும் முதல்ல இதைத்தான் எழுதறாங்க, அதுல தப்பே இல்ல, இதுக்குள்ள ஒரு முழு பாடம் ஒளிஞ்சிருக்கு. மாயால எடுத்துக்கலாம். செலக்ட் பண்ணின ஆப்ஜெக்ட் எல்லாத்தையும் எல்எஸ் கமாண்ட் ஒரு லிஸ்ட்டா கொடுக்கும், அதை லூப்ல விட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் வெச்சு, அந்த எண்ணை மூணு இலக்கமா 001, 002னு நிரப்பி, ரீநேம் கமாண்டை கூப்பிடணும். நாலஞ்சு வரிதான். தனித்தனி கியூப் பத்து போட்டு ரன் பண்ணுங்க, பிரமாதமா வேலை செய்யும்.

இப்போ ஒரு குரூப்பையும் அதுக்குள்ள இருக்கிற குழந்தைகளையும் சேர்த்து செலக்ட் பண்ணி ரன் பண்ணுங்க. லாங் ஃப்ளாகை ட்ரூ கொடுத்து முழு பாத்தா எடுத்திருந்தீங்கன்னா, முதல் ஆப்ஜெக்ட் மாறும், ரெண்டாவதுல அந்த பேர்ல எந்த ஆப்ஜெக்ட்டும் இல்லைனு எர்ரர் வந்து நிக்கும். காரணம் என்னன்னா, லிஸ்ட்ல குழந்தையோட முகவரி "குரூப்புக்குள்ள இருக்கிற கை"னு எழுதி வெச்சிருக்கு, நீங்க குரூப்போட பேரை முதல்ல மாத்திட்டீங்க, அந்த பழைய முகவரி இனிமே செல்லாது. சரி பண்றதுக்கு ஒரு வரி போதும், லிஸ்ட்டை ஆழம் அதிகமா இருக்கிறது முன்னாடி வர்ற மாதிரி வரிசை மாத்திட்டு அப்புறம் லூப் விடுங்க, குழந்தைய முதல்ல மாத்திட்டு அப்பா அம்மாகிட்ட வாங்க. அப்படி தலைகீழா போறப்போ நம்பரும் தலைகீழா விழுந்துடக்கூடாது, அதனால வரிசை மாத்தறதுக்கு முன்னாடியே யாருக்கு எந்த எண்ணுனு குறிச்சு வெச்சுக்கணும். இதை நீங்களா கண்டுபிடிச்சு சரி பண்ணினா அன்னைக்கே டேட்டா எப்படி இருக்கு, எப்போ மாறுதுனு யோசிக்கிற பழக்கம் வந்துடும், புரோகிராமிங்ல பெரும்பகுதி அதுதான்.

அடுத்தது அண்டூ. உங்க டூல் இருநூறு பேரை மாத்திடுச்சு, ஆர்டிஸ்ட் கண்ட்ரோல் இசட் அழுத்தறாங்க, ஸ்க்ரிப்ட் ஓடின விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு பேரா பின்னாடி போக வாய்ப்பு இருக்கு. மாயால அண்டூ இன்ஃபோ கமாண்ட்ல ஓப்பன் சங்க்னு ஆரம்பத்துல போட்டு, கடைசில க்ளோஸ் சங்க் போட்டா எல்லாம் ஒரே அண்டூவா சேர்ந்துடும். அந்த க்ளோஸ் கண்டிப்பா ஓடணும், நடுவுல எர்ரர் வந்தாலும் ஓடணும், இல்லைனா அண்டூவே குழம்பிடும், அதனால ட்ரை, ஃபைனலினு ஒரு அமைப்பு இருக்கு, அதுல ஃபைனலிக்குள்ள போடுங்க. பாருங்க, ட்ரை ஃபைனலி எதுக்குனு புத்தகத்துல பத்து பக்கம் படிச்சாலும் ஒட்டாது, இங்க ஒட்டிடும்.

ரெண்டாவது டூல்: விட்டுப்போன ஃப்ரேம் கண்டுபிடிக்கிறது

இதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், வெறும் பைத்தான் போதும், ஆனா காலைல வந்து ராத்திரி ரெண்டரை பார்க்கிற லைட்டிங், காம்ப் ஆளுங்களுக்கு இதை விட உபயோகமானது இல்ல. ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் பேரை எல்லாம் எடுத்து, கடைசில இருக்கிற ஃப்ரேம் எண்ணை மட்டும் பிரிச்சு எடுத்து, இருக்க வேண்டிய எண்களோட ஒப்பிட்டு, எது இல்லைனு சொல்லணும். பைத்தான்ல செட்னு ஒண்ணு இருக்கு, இருக்க வேண்டிய செட்ல இருந்து இருக்கிற செட்டை கழிச்சா மீதி வர்றதுதான் காணாம போன ஃப்ரேம், கழித்தல் குறி ஒண்ணு போட்டா முடிஞ்சுது, லூப் கூட வேண்டாம்.

இதுல கவனமா இருக்க வேண்டிய இடம் சிலது இருக்கு. ஷாட் 1001ல ஆரம்பிச்சு 1100ல முடியுதுன்னா ரேஞ்ச் ஃபங்ஷனுக்கு 1001, 1101னு கொடுக்கணும், அது கடைசி எண்ணை சேர்த்துக்காது. 1100னு கொடுத்தா கடைசி ஃப்ரேம் இல்லாத ரெண்டரும் "எல்லாம் சரி"னு பாஸ் ஆகிடும், கடைசி ஃப்ரேம் கறுப்பா போய் எடிட்ல நிக்கும். ஷாட் ஏன் 1001ல ஆரம்பிக்குதுனு கேட்டா, முன்னாடி ஹேண்டில் (எடிட்டுக்காக கூடுதலா விடற ஃப்ரேம்) சேர்த்தாலும், சிமுலேஷனுக்கு ப்ரீரோல் (ஷாட்டுக்கு முன்னாடியே ஓட விடற ஃப்ரேம்) விட்டாலும் எண் மைனஸுக்கு போகாது, எல்லா ஃபைலும் நாலு இலக்கமாவே இருக்கும், அகர வரிசைல அடுக்கினாலும் 2க்கு முன்னாடி 10 வந்து நிக்காது. ஃபைல் பேர் வெறும் எழுத்துங்கிறதால இந்த இலக்க நிரப்பல் முக்கியம், பைத்தான்ல அதுக்கு இசட்ஃபில்னு ஒரு மெத்தட் இருக்கு.

அடுத்து, ஃபைல் இருக்கு ஆனா சைஸ் 0. ரெண்டர் பாதில செத்துப்போனா, டிஸ்க் நிறைஞ்சா இப்படி ஆகும். சைஸையும் பார்த்துடுங்க, மத்த ஃப்ரேமோட சராசரிய விட ரொம்ப சின்னதா இருந்தா அதையும் சந்தேகப் பட்டியல்ல போடுங்க, ஆனா ஃபேட் அவுட் ஆகுற ஷாட்ல ஃப்ரேம் சின்னதாத்தான் இருக்கும், அதனால அதை எர்ரர்னு சொல்லாம எச்சரிக்கைனு சொல்லுங்க. ரிசல்ட்டை 1043, 1044, 1045னு வரிசையா கொட்டாம 1043-1045னு சுருக்கி காட்டுங்க, ரெண்டர் ஃபார்ம் சப்மிட்டர் பெரும்பாலும் அந்த வடிவத்துலதான் கேட்கும், அப்படியே காப்பி பண்ணி ஒட்டிடலாம். அந்த சுருக்கற பகுதிய எழுதறது கொஞ்சம் யோசிக்க வைக்கும், யாரையும் கேட்காம ஒரு சாயங்காலம் உக்காந்து பாருங்க, ரொம்ப நல்ல பயிற்சி.

எர்ரர் வந்தா

சிவப்பு எழுத்து வந்த உடனே மூடிடறவங்க நிறைய. அதை கீழ இருந்து மேல படிங்க. கடைசி வரில என்ன தப்புனு இருக்கும், அதுக்கு மேல எந்த ஃபைல், எந்த வரினு இருக்கும். பெரும்பாலும் இந்த ரெண்டு தகவலே போதும்.

நம்ம துறைல திரும்பத் திரும்ப வர்ற சிலது இருக்கு. மாயால "நன் (None, ஒண்ணுமே இல்லை) டைப்பை லூப் பண்ண முடியாது"னு வந்தா, லிஸ்ட் ரிலேட்டிவ்ஸ், லிஸ்ட் கனெக்‌ஷன்ஸ் மாதிரி கமாண்ட் எதுவும் கிடைக்கலைனா காலி லிஸ்ட் கொடுக்காம நன்னுனு கொடுக்கும், அதுதான் காரணம். கமாண்டுக்கு பின்னாடி ஆர் (or) போட்டு ஒரு காலி சதுர அடைப்பு போட்டா தீர்ந்துடும், அனுபவம் இருக்கிறவங்க கோடுல எல்லா இடத்துலயும் இது இருக்கிறதை பார்ப்பீங்க. விண்டோஸ்ல பாத் எழுதறப்போ பின்சாய்வு கோடு போட்டு டெக்ஸ்சர்ஸ்னு எழுதினா அந்த கோடும் அடுத்து வர்ற ஆங்கில டி எழுத்தும் சேர்ந்து டேப் ஆகிடும், நியூனு ஃபோல்டர் பேர் இருந்தா என் எழுத்து புது வரி ஆகிடும், ஃபைல் இருக்கு ஆனா இல்லைங்குதுனு மண்டை காயும். முன்சாய்வு கோடே எல்லா இடத்துலயும் போடுங்க, விண்டோஸ்லயும் அது வேலை செய்யும், இல்லைனா பைத்தானோட பாத்லிப் லைப்ரரிய பயன்படுத்துங்க. பிளெண்டர்ல "கான்டெக்ஸ்ட் சரியில்ல"னு வர்ற எர்ரர், பிபிஒய் டாட் ஆப்ஸ்னு (bpy.ops) ஆரம்பிக்கிற கமாண்ட் எல்லாம் நீங்க பட்டனை அழுத்தற மாதிரி, எந்த மோடு, எது ஆக்டிவ், மவுஸ் எந்த எடிட்டர்ல இருக்குங்கிறதை எல்லாம் பார்க்கும். முடிஞ்ச வரைக்கும் டேட்டால நேரா போய் மாத்துங்க, வேகமும் அதுலதான்.

சாட் பண்ணி கோடு எழுத வைக்கிற ஏஐ டூல் எல்லாம் இப்போ எல்லார் கைலயும் இருக்கு, பயன்படுத்துங்க, ஆனா மாயா, ஹூடினி, நியூக் விஷயத்துல அது இல்லாத ஃப்ளாக், இல்லாத ஃபங்ஷனை ரொம்ப நம்பிக்கையா எழுதிக் கொடுக்கும், பழைய வெர்ஷனையும் புது வெர்ஷனையும் கலந்துடும். ஒவ்வொரு கமாண்டையும் அந்த சாஃப்ட்வேரோட டாக்குமெண்ட்ல தேடிப் பாருங்க. உங்களால வாயால விளக்க முடியாத ஒரு வரிய புரொடக்‌ஷன் சீன்ல ரன் பண்ணவே பண்ணாதீங்க, அது இன்னொருத்தரோட ரெண்டு வார உழைப்பு. டெஸ்ட் எல்லாம் காப்பி எடுத்த சீன்ல மட்டும்தான், டெலீட் பண்ற ஸ்க்ரிப்ட்டா இருந்தா முதல்ல எதை டெலீட் பண்ணப் போகுதுனு பிரிண்ட் மட்டும் பண்ணி பாருங்க.

கணக்கு எவ்வளவு வேணும்

பயப்படற அளவுக்கு வேண்டாம், ஆனா கொஞ்சம் கண்டிப்பா வேணும். வெக்டர், டாட் ப்ராடக்ட், க்ராஸ் ப்ராடக்ட், மேட்ரிக்ஸ். இந்த நாலும் கைவசம் இருந்தா பெரும்பாலான டூலை எழுதிடலாம்.

ஒரு உதாரணம். ஒரு பாறை மேல பனி படியணும், மேல் பக்கம் பார்த்த இடத்துல மட்டும். ஒவ்வொரு பாயிண்ட்டோட நார்மலையும் (அந்த இடத்துல மேற்பரப்பு பார்க்கிற திசை), நேரா மேல பார்க்கிற 0, 1, 0ங்கிற வெக்டரையும் டாட் ப்ராடக்ட் பண்ணுங்க. ரெண்டும் ஒரே பக்கம் பார்த்தா 1, செங்குத்தா இருந்தா 0, எதிர் பக்கம் பார்த்தா மைனஸ் 1. 0.7க்கு மேல இருக்கிற பாயிண்ட் எல்லாம் மேல்நோக்கி கிட்டத்தட்ட 45 டிகிரிக்குள்ள சாய்ஞ்சிருக்கு, அங்க பனி போடுங்க. ஹூடினில அட்ரிப்யூட் ராங்கிள்ல இது ஒரே வரி. ஓரம் கத்தியால வெட்டின மாதிரி வரும், அதுல கொஞ்சம் நாய்ஸ் கலந்துட்டா இயற்கையா ஆகிடும். அந்த நாய்ஸை கண்டுபிடிச்ச கென் பெர்லின் 1980கள் தொடக்கத்துல, கம்ப்யூட்டர் படம் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வழவழனு இருக்கேங்கிற எரிச்சல்லதான் அதை எழுதினார், 1997ல அதுக்கு ஆஸ்கார் அகாடமியோட தொழில்நுட்ப விருதும் கிடைச்சுது. அதே டாட் ப்ராடக்ட்தான் கேமராவுக்கு பின்னாடி இருக்கிற ஆப்ஜெக்ட்டை மறைக்கிறதுலயும், ஷேடர்ல ஓரத்துல வெளிச்சம் காட்டறதுலயும் வரும்.

பிளெண்டர்ல மேல் திசை இசட்டுங்கிறதால அங்க 0, 0, 1 போடணும். மேட்ரிக்ஸ் பெருக்கறப்போ வரிசையும் இப்படித்தான் மாறும், மாயாலயும் ஹூடினிலயும் குழந்தையோட லோக்கல் மேட்ரிக்ஸ் இடது பக்கம், பேரண்ட் வலது பக்கம், பிளெண்டர்ல அதுக்கு நேர் எதிர். ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு கோடை தூக்கிட்டு போறப்போ கேரக்டர் எங்கயோ பறந்து போச்சுன்னா முதல்ல இதைத்தான் பாருங்க. ரொட்டேஷன் ஆர்டர், கிம்பல் லாக், குவாட்டர்னியன் எல்லாம் ரிக்கிங் போறவங்க நிதானமா உக்காந்து படிங்க, மத்தவங்க தேவை வர்றப்போ படிக்கலாம்.

அடுத்தவங்க கைல கொடுக்கிறப்போ

உங்க மெஷின்ல மட்டும் ஓடற வரைக்கும் அது ஸ்க்ரிப்ட், பக்கத்து சீட்ல இருக்கிறவங்க உங்களை கேட்காம பயன்படுத்தினாத்தான் அது டூல். இந்த மாற்றத்துலதான் நிஜமா கத்துக்குவீங்க. உங்க ட்ரைவ் பாத்தை நேரா எழுதி வெச்சிருப்பீங்க, அவங்க மெஷின்ல அது இருக்காது. எதுவும் செலக்ட் பண்ணாம பட்டனை அழுத்துவாங்க. ரெஃபரன்ஸ்ல (வேற ஃபைல்ல இருந்து இணைச்சது) வந்த ஆப்ஜெக்ட்டுக்கு பேர் மாத்தப் பார்ப்பாங்க, அது மாறாது. இதுக்கெல்லாம் நல்ல வார்த்தைல ஒரு மெசேஜ் காட்டுங்க, சிவப்பு எழுத்தை மூஞ்சில கொட்டாதீங்க.

விண்டோ, பட்டன், டேப்னு இன்டர்ஃபேஸ் கட்டற ஆசை எல்லாருக்கும் சீக்கிரமே வந்துடும். கொஞ்சம் பொறுங்க. மாயால ஒரு ஷெல்ஃப் பட்டன், நியூக்ல டாட் நியூக் ஃபோல்டர்ல மெனு டாட் பை ஃபைல்ல ஒரு வரி, இது போதும் முதல் பத்து டூலுக்கு. அதுக்கப்புறம் பைசைட் படிங்க, க்யூட்டியோட பைத்தான் வடிவம் அது, மாயா, ஹூடினி, நியூக் மூணுலயும் வரும், மாயா 2025ல இருந்து பைசைட் 6 ஆகிடுச்சு, 2017ல இருந்து 2024 வரைக்கும் 2. வேலை செய்யற கோடையும் விண்டோ கோடையும் தனித்தனி ஃபைல்ல வெச்சுக்கோங்க, நாளைக்கு இதையே விண்டோ இல்லாம ஃபார்ம்ல ஓட்டச் சொல்லுவாங்க, மாயாபைனு விண்டோவே இல்லாத மாயா ஒண்ணு அதுக்குத்தான் இருக்கு.

கோடோட ஒவ்வொரு வெர்ஷனையும் சேமிச்சு வெக்கிற கிட் (Git) பழகிக்கோங்க, நாலு கமாண்ட் தெரிஞ்சா போதும். ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் ரியல்னு ஃபோல்டர் வெச்சுக்கிற பழக்கம் கோடுலயாவது ஒழியட்டும்.

அதுக்கு மேல எந்தப் பக்கம் போறதுங்கிறது உங்க வேலைய பொறுத்தது. ரிக்கிங்னா ஓப்பன் மாயா ஏபிஐ, அதோட ரெண்டாவது பதிப்பை நேரா எடுத்துக்கோங்க. காம்ப்னா நியூக் பைத்தானுக்கு அப்புறம் பிளிங்க் ஸ்க்ரிப்ட், பிக்சல் பிக்சலா யோசிக்க வைக்கும். ஷேடிங்னா ஓஎஸ்எல், அதாவது ஓப்பன் ஷேடிங் லாங்குவேஜ். பைப்லைன் ஆசை இருந்தா யுஎஸ்டிய (யுனிவர்சல் சீன் டிஸ்க்ரிப்ஷன்) தள்ளிப் போடாதீங்க, பிக்சார் அதை 2016ல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க, லேயர் மேல லேயரா அடுக்கி பல டிபார்ட்மெண்ட் ஒரே ஷாட்ல வேலை பண்றதுங்கிற யோசனை அதுல இருக்கு, பைத்தான்லயே எழுதிப் பழகலாம், மாயா கூட வேண்டாம். ஓப்பன் ஈஎக்ஸ்ஆர், ஓப்பன் கலர் ஐஓ, ஓப்பன் விடிபினு தினமும் நாம தொடற பல விஷயத்தோட கோடும் திறந்தே கிடக்கு, 2018ல இருந்து அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் இதுல பலதை பார்த்துக்குது, பெரிய ஆளுங்க எப்படி எழுதறாங்கனு படிக்கிறதுக்கு அதை விட நல்ல இடம் கிடையாது.

வேலைக்கு அப்ளை பண்றப்போ டூல் ரீல் ஒண்ணு பண்ணுங்க, ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு டூலுக்கும் முதல்ல பிரச்சனைய காட்டுங்க, கையால பண்ணினா எப்படி இருக்கும்னு, அப்புறம் பட்டனை அழுத்தி என்ன ஆகுதுனு காட்டுங்க, கோடை திரைல ஓட விட்டா யாரும் படிக்க மாட்டாங்க. கோடை தனியா கிட்ஹப்ல போட்டு, எந்த வெர்ஷன்ல ஓடும், எப்படி இன்ஸ்டால் பண்ணணும்னு ஒரு ரீட்மி எழுதுங்க. ஸ்டுடியோல சம்பளம் வாங்கிட்டு எழுதின கோடு பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கு சொந்தம்னுதான் ஒப்பந்தத்துல இருக்கும், அதை அப்படியே வெளிய போடாதீங்க, படம் வெளிவராத ஷாட்டை டெமோல காட்டவும் கூடாது. அதே யோசனைய வீட்டுல, உங்க மெஷின்ல, இலவச மாடலை வெச்சு முதல்ல இருந்து திரும்ப எழுதுங்க. ரெண்டாவது தடவை எழுதறப்போ கோடு பாதியா சுருங்கும், ஒப்பந்தத்துல சொந்த நேரத்து வேலையப் பத்தி என்ன எழுதியிருக்குனு மட்டும் முன்னாடியே ஒரு தடவை படிச்சு வெச்சுக்கோங்க.